பெயர் நிற்க உரு மாறும்

ஒரு வகுப்பிலுள்ள மாணவர்களிடம் தாளும் பென்சிலும் கொடுத்து இயேசுநாதரை வரையச் சொன்னால், அவர்கள் எச்சமயத்தைச் சார்ந்தவராயினும் பெரும்பாலும் ஒரே உருவத்தையே வரைவர். தோளைத் தொடும் கூந்தல், குறுந்தாடி, நீண்ட வெண்ணிற அங்கி, கனிந்த பார்வை. இவ்வுருவம் அவர்களுக்கு எங்கிருந்து கிடைத்தது? நற்செய்தி நூல்கள் நான்கும் அவர் நடந்த ஊர்களையும் உண்ட விருந்துகளையும் பேசிய உவமைகளையும் கூறுகின்றன. முகம் எப்படியிருந்தது என்பதை மட்டும் ஒரு சொல்லாலும் கூறவில்லை. உயரமா குள்ளமா, கறுப்பா சிவப்பா, ஒன்றும் இல்லை. கூந்தலைப் பற்றியோ ஐயமே எழுகிறது. புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதல் மடலில், ஆண்மகன் நீள்முடி வளர்ப்பது அவனுக்கு இழிவு எனும் கருத்தைக் குறிப்பிடுகிறார். தம் ஆண்டவர் நீள்முடியினர் என்று கேள்விப்பட்டிருந்தால் அவர் இவ்வாறு எழுதியிருப்பாரா என்று ஆய்வாளர் வினவுவதுண்டு.

ஆகவே நாம் அறிந்த அவ்வுருவம் ஓர் ஆளைப் பார்த்து வரைந்த ஓவியத்தின் படியன்று. படங்களைப் பார்த்து வரைந்த படங்களின் நெடுந்தொடரில் அது ஒரு கண்ணி. அத்தொடரின் தொடக்கத்திற்குச் சென்றால் வியப்பே மிஞ்சும்.

உரோமாபுரியின் பலத்தீன் குன்றில் 1857ஆம் ஆண்டு அகழ்ந்தெடுத்த ஒரு சுவர்க்கிறுக்கல், சிலுவைக் காட்சியின் மிகப் பழைய வடிவங்களுள் ஒன்றாகக் கருதப்படுகிறது. அதைக் கீறியவன் அடியவன் அல்லன்; பகைவன். சிலுவையில் கழுதைத் தலையுடைய மனித உருவம். அருகே அதனை வணங்கி நிற்கும் ஒருவன். அலெக்சமெனோஸ் தன் கடவுளை வழிபடுகிறான் என்னும் பொருளில் ஒரு கேலி வாசகம். அடியவர் வரைந்தவற்றுள் பழையவையோ வேறு வகையின. சிரியாவின் தூரா யூரோப்போசில் ஏறத்தாழ 235ஆம் ஆண்டளவில் வழிபாட்டுக்குப் பயன்பட்ட ஒரு வீட்டின் சுவர்களிலும், உரோமாபுரியின் நிலத்தடிக் கல்லறைகளிலும், தோளில் ஆட்டைச் சுமந்த நல்லாயனைக் காணலாம். அக்கல்லறைகளில் அவர் தாடியில்லாத இளைஞர், குட்டையான ஆடையர். ஆட்டைச் சுமக்கும் இளைஞன் கிரேக்க, உரோமானியக் கலையில் முன்பே வழங்கிய உருவம். புதிய சமயம் பழைய உருவத்தை எடுத்துப் புதிய பொருளை அதில் ஏற்றியது.

இத்தாலியின் ரவென்னா நகரிலுள்ள புதிய புனித அப்பொலினாரே ஆலயத்தைத் தனியே குறிப்பிடவேண்டும். ஆறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தியோடரிக் மன்னன் எழுப்பியது அது. அதன் ஒரு சுவரின் மேல்வரிசையில் இயேசு செய்த அற்புதங்களும், எதிர்ச்சுவரில் அவருடைய பாடுகளும் மொசைக் ஓவியங்களாக உள்ளன. அற்புதங்களைச் செய்பவர் தாடியற்ற இளைஞர். பாடுபடுபவர் தாடியுடைய முதிர்ந்தவர். ஒரே கூரையின்கீழ் இரண்டு முகங்கள்! அங்கு வழிபட்ட மக்கள் இருவரையும் ஒருவராகவே கண்டனர். பைசாந்தியப் பேரரசன் இரண்டாம் ஜஸ்டினியன் வெளியிட்ட நாணயங்களிலும் இதுவே நிகழ்ந்தது. அவனுடைய முதல் ஆட்சியில் (685–695) வெளிவந்த பொற்காசில் கிறித்து நீள்முடியும் நிறைதாடியும் உடையவர். அரியணை இழந்து மீண்டபின் (705–711) வெளிவந்த காசில் சுருண்ட குறுமுடியும் மெல்லிய தாடியும் உடையவர். அரசன் ஒருவனே, காசில் பொறித்த பெயரும் ஒன்றே.

அவர் அழகரா என்பதிலேயே திருச்சபைத் தந்தையர் ஒன்றுபடவில்லை. ஏசாயாவின் நூலில் வரும் துன்புறும் ஊழியன் பார்வைக்கு அழகற்றவனாகக் காட்டப்படுகிறான். அதனைச் சான்றாகக் கொண்டு தெர்த்துல்லியன் போன்றோர் இயேசு அழகற்றவர் என்றனர். நாற்பத்தைந்தாம் திருப்பாடல் அரசனின் பேரழகைப் போற்றுகிறது. அதனைச் சான்றாகக் கொண்டு பின்வந்த எரோனிமுவும் கிறிசோஸ்தோமும் அவர் பேரழகர் என்றனர். இறுதியில் அழகே வென்றது. இடைக்காலத்தில் லெந்துலுஸ் என்னும் உரோமானிய அதிகாரி எழுதியதாக ஒரு போலிக்கடிதமும் புனையப்பட்டது. கூந்தலின் நிறம், நடுவகிடு, தாடியின் பிளவு என ஓவியர்க்குத் தேவையானவை யாவும் அதில் உள்ளன. அதை எழுதியவர் முன்னரே வழங்கிய ஓவியங்களைப் பார்த்தே எழுதியிருக்கவேண்டும். ஓவியம் சான்றைப் படைத்தது. சான்று ஓவியத்தை உறுதிசெய்தது.

இருபதாம் நூற்றாண்டில் அவ்வுருவத்தை உலகெங்கும் பரப்பியவர் சிக்காகோ நகர ஓவியர் வார்னர் சால்மன். அவர் 1940இல் தீட்டிய கிறித்துவின் தலை ஓவியம் ஐம்பது கோடிக்கு மேற்பட்ட படிகளாக அச்சிடப்பட்டது என்பர். இரண்டாம் உலகப் போரில் வீரர்களின் சட்டைப்பைக்குள் அது சிறு அட்டையாகச் சென்றது. பின்னர் 2001ஆம் ஆண்டு பிபிசி நிகழ்ச்சி ஒன்றுக்காக, தடயவியல் முக மீட்டுருவாக்கத்தில் வல்லவரான ரிச்சர்டு நீவ், முதல் நூற்றாண்டு யூதர் ஒருவரின் மண்டையோட்டை அடிப்படையாகக் கொண்டு ஒரு முகத்தை உருவாக்கினார். அகன்ற முகம், கறுத்த தோல், குறுகச் சுருண்ட முடி. இயேசுவின் முகம் இதுவே என்பது அதன் பொருளன்று. அக்காலத்து அந்நாட்டவர் ஒருவர் இவ்வாறு இருந்திருக்கலாம் என்பதே. ஆயினும் சான்றுக்கு மிக நெருங்கிய அம்முகத்தைத் திடீரெனக் காட்டினால் அதை எவரும் இயேசு என்று சொல்லமாட்டார். சான்றில்லாத சால்மன் ஓவியத்தைக் குழந்தையும் அடையாளம் காணும். நாம் அடையாளம் காண்பது ஆளை அன்று, மரபை.

ஆசியாவிலும் இம்மரபு கிளைத்தது. அக்பரின் அவைக்கு 1580இல் சேசு சபையினர் வந்தபோது கொடுத்த விவிலியப் படங்களைப் பார்த்து முகலாய ஓவியர்கள் தம் நுண்தூரிகையால் இயேசுவையும் மரியாளையும் வரைந்தனர். வங்காளத்தின் ஜாமினி ராய் கிறித்தவர் அல்லர்; அவர் தீட்டிய கிறித்துவுக்கு வங்க நாட்டுப்புற ஓவியத்தின் நீண்டு விரிந்த கண்கள். ஜப்பானில் மட்டும் உருவம் வேறு பணிக்குப் பயன்பட்டது. கிறித்தவம் தடைசெய்யப்பட்ட 17ஆம் நூற்றாண்டில், அடியவர்களைக் கண்டுபிடிக்க இயேசு அல்லது மரியாளின் உருவம் பொறித்த தகடுகளை மக்கள் மிதிக்கவேண்டும் என்று ஆணையிடப்பட்டது. தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள அத்தகடுகள் சிலவற்றில் முகம் கால்பட்டுத் தேய்ந்து மழுங்கியிருக்கிறது. முகமே இல்லாத நிலையிலும் மிதிக்கத் தயங்கியவனுக்கு அது யார் என்று தெரிந்திருந்தது.

உருவம் இவ்வாறு மாறியபோது பெயராவது மாறாது நின்றதா? மொழி கற்பிப்போர் இதனைச் சற்று நின்று நோக்கலாம். எபிரேய வழியில் அவர் பெயர் யேசுவா. இறைவன் மீட்கிறார் என்னும் பொருளுடைய காரணப்பெயர். கிரேக்க மொழியில் அப்பெயரின் நடுவே வரும் ஒலிக்கு எழுத்தில்லை. ஆண்பாற்பெயர் முடியும் முறையும் வேறு. எனவே அங்கு ஈயேசூஸ் ஆயிற்று. போர்த்துக்கீசியர் வழியே தமிழுக்கு வந்தபோது பழைய கத்தோலிக்க நூல்களில் சேசு என நின்றது. சேசு சபை என்னும் வழக்கில் அது இன்றும் வாழ்கிறது. யே என்னும் எழுத்து தமிழில் சொல்லுக்கு முதலாகாது. யகரம் அ, ஆ, உ, ஊ, ஓ, ஔ என்னும் ஆறு உயிரோடு மட்டுமே மொழிக்கு முதலாகும் என்பது நன்னூல் விதி. ஆதலின் இகரம் முன்வந்து இயேசு என்றாயிற்று. இராமனுக்கு இகரம் வந்ததுபோல. தமிழ் முஸ்லிம்கள் அவரை ஈசா நபி என்பர். கிறித்து என்பதோ பெயரே அன்று. மெசியா, அதாவது திருப்பொழிவு பெற்றவர், என்பதன் கிரேக்க மொழிபெயர்ப்பான பட்டம் அது. வழக்கில் பெயராக உறைந்துவிட்டது. பெயரும் பலகை பலகையாக மாற்றப்பட்ட கப்பல்தான்.

இங்கிருந்து இசையுலகிற்குச் செல்வது தொடர்பற்ற தாவல் போலத் தோன்றலாம். ஆனால் இரண்டிற்கும் இடையே ஒரு மனிதர் நிற்கிறார். 1970இல் வெளிவந்த ஜீசஸ் கிரைஸ்ட் சூப்பர்ஸ்டார் இசைத்தட்டில் இயேசுவாகப் பாடியவர் இயன் கில்லன். அவர் டீப் பர்ப்பிள் என்னும் ஆங்கிலேய ராக் இசைக்குழுவின் பாடகர். அக்குழுவின் முதற்பாடகர் அல்லர், இரண்டாமவர். குழு தோன்றியது 1968இல். கில்லன் வந்தது 1969இல். இன்று டீப் பர்ப்பிள் என்றவுடன் இரசிகர் காதில் ஒலிப்பது பின்வந்த அக்குரலே. குழுவின் பெயர்க்காரணமும் சுவையானது. கித்தார் கலைஞர் ரிச்சி பிளாக்மோரின் பாட்டி விரும்பிக் கேட்ட ஒரு பழம்பாடலின் பெயர் அது. அந்தப் பேரனும் 1993இல் குழுவை விட்டுப் போய்விட்டார். காரணம் போயிற்று, பெயர் நின்றது. காரணப்பெயராய்ப் பிறந்து இடுகுறிபோல் வாழும் பெயர் என்று இதைச் சொல்லலாம்.

இக்குழுவின் வரலாற்றில் ஒரு வழக்கு உண்டு. 1976இல் குழு கலைந்துவிட்டது. 1980இல் முதற்பாடகர் ராட் எவன்ஸ், குழுவோடு தொடர்பே இல்லாத வேறு கலைஞர்களைச் சேர்த்துக்கொண்டு, டீப் பர்ப்பிள் என்ற பெயரிலேயே அமெரிக்காவில் மேடையேறினார். அவர் போலி அல்லர். பெயர் பிறந்த நாளில் அக்குழுவில் இருந்தவர்களுள் ஒருவர். ஆயினும் காண வந்தோர் ஏமாற்றப்பட்டதாகக் கொதித்தனர். பெயருரிமை வைத்திருந்தோர் நீதிமன்றம் சென்றனர். எவன்ஸ் தரப்பினர் ஆறு இலட்சம் அமெரிக்க வெள்ளிக்கு மேல் இழப்பீடு செலுத்தவேண்டும் என்று தீர்ப்பாயிற்று. தாம் பாடிய தொடக்ககால இசைத்தட்டுகளின் வருவாயையும் அவர் இழந்தார். மூலவர் ஒருவர் மேடையில் நின்றும் குழு பொய்யாயிற்று. குழு 1984இல் மீண்டும் கூடியபோது, பின்வந்த கில்லன் பாடியும் மெய்யாயிற்று.

இவ்வேறுபாட்டை விளக்குவது எது? கிரேக்க அறிஞர் புளூட்டார்க் கூறும் தீசியசின் கப்பலைப் பலர் அறிவர். உளுத்த பலகைகளை ஒவ்வொன்றாக மாற்றி, ஒரு பழம்பலகையும் இல்லாத நிலையில் அது அதே கப்பலா? இதற்கு ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் தாமஸ் ஹாப்ஸ் 17ஆம் நூற்றாண்டில் ஒரு சிக்கலைக் கூட்டினார். கழற்றிய பழம்பலகைகளை ஒருவன் சேர்த்துவைத்து, அதே முறையில் இன்னொரு கப்பலைக் கட்டினால் எது மெய்? சிந்தனைக்காகப் புனைந்த இவ்வினா இலண்டனில் உண்மையாகவே நிகழ்ந்தது. சுகாபேப்ஸ் என்னும் மூன்று பெண்கள் குழு 1998இல் தோன்றியது. 2001, 2005, 2009 ஆகிய ஆண்டுகளில் ஒருவர்பின் ஒருவராக மூவரும் நீங்க, அவ்விடங்களில் வேறு மூவர் அமர்ந்தனர். பின்னர் பழைய மூவரும் ஒன்றுகூடினர். பழம்பலகைகள் கப்பலாயின, ஆனால் கப்பலின் பெயர் அவர்களிடம் இல்லை. தத்தம் பெயர்களைச் சேர்த்தே அவர்கள் மேடையேற நேர்ந்தது. 2019இல்தான் பழைய பெயர் மீண்டும் அவர்கள் வசமாயிற்று.

வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு 1842இல் தோன்றியது. அதில் தொடக்ககால உறுப்பினர் எவரும் இல்லை என்று யாரும் நுழைவுச்சீட்டைத் திருப்பிக் கொடுப்பதில்லை. அவர்கள் வாசிப்பது பெரும்பாலும் பிறர் இயற்றிய இசை. ராக், பாப் குழுக்களில் பாடுபவரே பெரும்பாலும் படைப்பவர். பாடலும் குரலும் பிரியா. ஆள் மாறும்போது நூலாசிரியரே மாறிவிட்டதுபோல் நமக்குத் தோன்றுகிறது. இவ்வுணர்வைச் சட்டமும் மதிக்கிறது. 1950களின் புகழ்பெற்ற அமெரிக்கப் பாடற்குழுக்களான பிளாட்டர்ஸ், டிரிஃப்டர்ஸ் ஆகியவற்றின் பெயரில் பல கூட்டங்கள் ஊர் ஊராகப் பாடித் திரிந்தமையால், முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் இதற்கெனச் சட்டம் இயற்றின. பழைய ஒலிப்பதிவில் பங்கேற்ற ஒருவராவது குழுவில் இருக்கவேண்டும், அல்லது பெயருரிமை முறையாகப் பெற்றிருக்கவேண்டும், இல்லையேல் இது நினைவஞ்சலி நிகழ்ச்சி என்று தெளிவாக அறிவிக்கவேண்டும் என்பது அவற்றின் சாரம். தமிழில் வழக்கு என்னும் சொல் நீதிமன்றத்தில் தொடுப்பதையும் குறிக்கும். மக்கள் நாவில் பயில்வதையும் குறிக்கும். பெயர் யாருடையது என்பதை இவ்விரு வழக்குகளுமே முடிவுசெய்கின்றன. என் கருத்தில் இரண்டாவதே வலியது. எவன்ஸ் முதலில் தோற்றது அரங்கில், நீதிமன்றத்தில் அன்று.

எனினும் இருவகைத் தொடர்களுக்கும் ஒரு பெரிய வேற்றுமையை மறைத்தல் ஆகாது. இசைக்குழுவுக்கு மூலம் கையில் இருக்கிறது. பழைய இசைத்தட்டைச் சுழலவிட்டு, இக்குரல் அக்குரலா என்று எவரும் ஒப்பிடலாம். இயேசுவின் உருவத்துக்கு ஒப்பிட மூலமே இல்லை. அதனாலேயே ரவென்னாவின் இளைஞரும் முதியவரும் ஒருவரையொருவர் பொய்யாக்காமல் எதிரெதிரே நிற்க முடிந்தது. மூலம் கிடைத்திருந்தால் ஜாமினி ராயின் பெருங்கண்களைத் தவறு என்று சொல்ல ஒருவர் எழுந்திருப்பார்.

அமெரிக்காவின் லினர்ட் ஸ்கினர்ட் குழு 1977இல் விமான விபத்தில் தன் பாடகர் ரானி வான் சாண்டை இழந்தது. 1987 முதல் அவர் தம்பி ஜானி பாடிவருகிறார். தொடக்க உறுப்பினருள் எஞ்சியிருந்த கேரி ராசிங்டன் 2023 மார்ச்சில் காலமானார். குழு கலையவில்லை. டீப் பர்ப்பிளில் 1968 முதல் இடையறாது இருப்பவர் ஒருவரே. மேடையில் எல்லாருக்கும் பின்னால் அமர்ந்து முரசு கொட்டும் இயன் பெய்ஸ் அவர்.