கவிஞர் நா.முத்துக்குமார்

 

சினிமா பாட்டு பாடினால் "போய்ப் படிக்கிற வேலையைப் பாரு" என்று வீட்டில் சொல்வாங்க. ஆனால் அந்தப் பாட்டை எழுதவும் நிறைய படிக்கணும். அதற்கு நல்ல உதாரணம் கவிஞர் நா.முத்துக்குமார்.

பிறப்பும் படிப்பும்

நம்ம பூந்தமல்லியில் பஸ் ஏறினால் ஸ்ரீபெரும்புதூர் தாண்டி காஞ்சிபுரம் வரும். அதன் பக்கத்தில் கன்னிகாபுரம் என்ற கிராமத்தில் 12.7.1975 அன்று பிறந்தார். சின்ன வயதிலேயே அம்மா இறந்துவிட்டார். அப்பா நாகராஜன் ஓர் ஆசிரியர். வீடு நிறைய புத்தகம் சேர்த்து வைத்திருந்தார். அவற்றைப் படித்தே மகன் வளர்ந்தார்.

காஞ்சிபுரம் பச்சையப்பன் கல்லூரியில் இயற்பியல் படித்தார். பிறகு சென்னை பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் எம்.ஏ. படித்தார். சயின்ஸை விட்டுட்டு யாராவது தமிழுக்குப் போவாங்களா என்று கேட்கலாம். படித்த சயின்ஸும் வீணாகவில்லை. அவருடைய ஒரு கவிதைப் புத்தகத்தின் பெயரே 'நியூட்டனின் மூன்றாம் விதி'!

பாட்டு எழுதுவது எப்படி?

டைரக்டர் ஆக வேண்டும் என்றுதான் சினிமாவுக்குப் போனார். பாலு மகேந்திராவிடம் நான்கு வருடம் உதவியாளராக இருந்தார். சீமான் இயக்கிய 'வீரநடை' படத்தில் பாட்டு எழுத ஆரம்பித்தார்.

நிறைய பாட்டுக்கு முதலில் மெட்டுதான் வரும். இசையமைப்பாளர் 'தன தானா' என்று பாடிக் காட்டுவார். அதற்குள் கவிஞர் வார்த்தையை உட்கார வைக்கணும். 'மழை வேணும்' என்றால் சரியாகப் பொருந்தும். 'ஏரி வேணும்' என்றால் 'ஏ' நெடில், இழுக்கும். மெட்டு இடிக்கும். தமிழ் வகுப்பில் குறில், நெடில், நேர், நிரை என்று படிக்கிறோமே, அது எதற்கு என்று இப்போது புரிகிறதா? மெட்டுக்குப் பொருந்தினால் மட்டும் போதாது, கதைக்கும் பொருந்தணும், கேட்கிறவங்க மனசிலும் நிற்கணும். இப்படி 1,500 பாடல்களுக்கு மேல் எழுதினார்.

விருதுகள்

2013-ஆம் ஆண்டுக்கான தேசிய விருது 'தங்க மீன்கள்' படத்தில் அப்பா, மகள் பாசத்தைச் சொல்லும் பாட்டுக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டுக்கான விருதும் அவருக்குத்தான், 'சைவம்' படப் பாட்டுக்காக. அதே பாட்டைப் பாடிய சிறுமி உத்தரா உன்னிகிருஷ்ணனுக்கும் சிறந்த பாடகி விருது கிடைத்தது. அப்போது அவர் நம்மைவிடச் சின்னப் பொண்ணு!

அணிலாடும் முன்றில்

அம்மா, அப்பா என்று ஒவ்வொரு உறவைப் பற்றியும் அவர் எழுதிய கட்டுரைப் புத்தகம் இது. ஆனந்த விகடனில் தொடராக வந்தது. முன்றில் என்றால் வீட்டின் முன்பக்கம். இந்தப் பெயர் குறுந்தொகையில் இருந்து வந்தது. ஆட்கள் எல்லாம் போய்விட்ட வீட்டில் பயமில்லாமல் அணில் வந்து விளையாடும். அந்த வீடு போலத் தனிமையாக இருக்கிறேன் என்று ஒரு பெண் சொல்லும் பாட்டு அது. அதை எழுதிய புலவரின் பெயர் தெரியாததால் 'அணிலாடு முன்றிலார்' என்றே அழைக்கிறார்கள். சங்கப் பாட்டைப் படித்ததால்தானே இவருக்கு இந்தத் தலைப்பு கிடைத்தது?

மறைவு

மஞ்சள் காமாலையால் 14.8.2016 அன்று சென்னையில் இறந்தார். வயது 41 தான். இன்னும் எவ்வளவோ எழுதியிருப்பார்.

நம்மில் பல பேர் வீட்டில் பாடப் புத்தகம் தவிர வேறு புத்தகம் இல்லை. அவருக்கு அப்பா சேர்த்து வைத்தார், நமக்குப் பள்ளிக்கூடம்தான் கொடுக்கணும். அதனால் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பீரோவில் இருக்கிற கதை, கவிதைப் புத்தகங்களை வாரம் ஒரு நாள் எங்களுக்கு வீட்டுக்குக் கொடுங்கள். பத்திரமாகத் திருப்பித் தருவோம். அடுத்த கவிஞர் நம்ம வகுப்பிலேயே இருக்கலாம், யார் கண்டது?

- ஒன்பதாம் வகுப்பு மாணவி