ஜகார்த்தா 1962: ஒரு பள்ளி ஆசிரியர் வென்று தந்த தங்கம்

கால்பந்தில் இந்தியா ஒரு காலத்தில் ஆசியாவின் முதல் அணியாக இருந்தது என்று இன்றைய பிள்ளைகளிடம் சொன்னால் நம்பத் தயங்குவார்கள். ஆனால் அது உண்மை. ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் ஆடவர் கால்பந்தில் இந்தியா இரண்டு முறை தங்கம் வென்றிருக்கிறது. முதலாவது 1951-ல் டெல்லியில், ஈரானை 1-0 என்று வீழ்த்தி. இரண்டாவது 1962-ல் ஜகார்த்தாவில். இரண்டு முறையும் அணியின் பயிற்சியாளர் ஒருவரே. அவர் ஹைதராபாத்தைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர் மர்ஹூம் சையது அப்துல் ரஹீம்.

'ரஹீம் சாஹிப்' என்று வீரர்கள் மரியாதையுடன் அழைத்த அவர், ஹைதராபாத் சிட்டி போலீஸ் அணிக்குப் பயிற்சியளித்து, 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து முறை ரோவர்ஸ் கோப்பையை வெல்ல வைத்தவர். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் அவரது இந்திய அணி ஆஸ்திரேலியாவை 4-2 என்று தோற்கடித்து நான்காம் இடம் பிடித்தது. பந்தைக் காலில் வைத்துக்கொண்டே ஓடாமல், வந்த வேகத்தில் அடுத்தவருக்குத் தட்டிவிட வேண்டும். வலது காலைப் போலவே இடது காலும் பழக வேண்டும். இவைதாம் அவரது பாடங்கள்.

1962 ஆகஸ்டில் ஜகார்த்தாவுக்கு அணி புறப்பட்டபோது ரஹீம் சாஹிபின் உடல்நிலை நன்றாக இல்லை. நுரையீரல் புற்றுநோய் அவரை உள்ளே அரித்துக்கொண்டிருந்தது.

முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0-2 என்று இந்தியா தோற்றது. 1956, 1960 என இரண்டு ஆசியக் கோப்பைகளையும் வென்றிருந்த அணி அது. அடுத்து தாய்லாந்தை 4-1 என்று வென்றாலும், அதில் தடுப்பாட்டத்தின் தூணான ஜர்னைல் சிங்கின் தலையில் அடிபட்டுத் தையல் போட வேண்டியதாயிற்று. அவர் இல்லாமலேயே ஜப்பானை 2-0 என்று வென்று இந்தியா அரையிறுதிக்குச் சென்றது.

இங்குதான் ரஹீம் சாஹிபின் மதிநுட்பம் வெளிப்பட்டது. தலையில் கட்டுடன் இருந்த ஜர்னைல் சிங்கை அவர் ஓரத்தில் உட்கார வைக்கவில்லை. பின்வரிசையில் ஆடி வந்தவரை முன்வரிசையின் நடுவே கொண்டு வந்தார். கல்லூரி நாட்களில் ஜர்னைல் முன்வரிசையில் ஆடியவர் என்பது அவருக்குத் தெரியும். அரையிறுதியில் தென் வியட்நாமை இந்தியா 3-2 என்று வென்றது. ஜர்னைலும் ஒரு கோல் அடித்தார்.

இறுதி ஆட்டம் செப்டம்பர் 4 அன்று. எதிரணி மீண்டும் தென் கொரியா. ஆனால் அன்று இந்தியா சந்திக்க வேண்டியிருந்தது கொரியாவை மட்டுமல்ல. இந்தப் போட்டிகளுக்கு இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா அனுமதி தரவில்லை. அதைக் கண்டித்த இந்திய விளையாட்டு நிர்வாகி ஜி.டி. சோந்தி, இதை ஆசிய விளையாட்டுப் போட்டி என்று அழைக்கக் கூடாது என்றார். ஜகார்த்தா கொதித்தது. இறுதி ஆட்டத்துக்கு முந்தைய நாள் இந்தியத் தூதரகம் தாக்கப்பட்டது. மைதானத்தில் இந்திய தேசிய கீதத்துக்கே கூச்சல் எழுந்தது. விளையாட வந்த இளைஞர்களுக்கும் அந்தச் சர்ச்சைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இதில் நாம் சிந்திக்க ஒன்று உண்டு. கூச்சலிட்டவர்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். அவர்கள் எதிர்த்த அணியை வழிநடத்தியவரும் ஒரு முஸ்லிம். கோபம் மிகும்போது, யார் மீது கோபப்படுகிறோம் என்பதை மக்கள் பார்ப்பதில்லை. அதே அரங்கில் இந்தியாவுக்கு ஆதரவாகக் குரல் கொடுத்தவர்களும் இருந்தார்கள். அவர்கள் பாகிஸ்தான் ஹாக்கி வீரர்கள் என்று நமது வீரர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்துள்ளனர்.

17-ஆம் நிமிடத்தில் பி.கே. பானர்ஜி முதல் கோலை அடித்தார். 20-ஆம் நிமிடத்தில் ஜர்னைல் சிங் இரண்டாவது கோலை அடித்தார். காய்ச்சலிலிருந்து மீண்டிருந்த உயரமான பீட்டர் தங்கராஜைக் கோல் காக்க நிறுத்தியிருந்தார் ரஹீம் சாஹிப். மெட்ராஸ் ரெஜிமெண்ட் மையத்தின் அணியில் ஆடி வளர்ந்தவர் தங்கராஜ். 85-ஆம் நிமிடத்தில்தான் கொரியாவால் ஒரு கோல் போட முடிந்தது. 2-1. தங்கம் இந்தியாவுக்கு.

அந்த அணியைப் பாருங்கள். தலைவர் வங்காளத்தின் சுனி கோஸ்வாமி. கோல் அடித்தவர் ஒரு சீக்கியர். கோல் காத்தவர் ஒரு கிறிஸ்தவர். முன்வரிசையில் ஹைதராபாத்தின் யூசுஃப் கான். அவர்களை ஒன்றாகக் கோர்த்தவர் ரஹீம் சாஹிப். இந்த நாட்டுக்கு முஸ்லிம்கள் என்ன செய்தார்கள் என்று கேட்பவர்களிடம் கோபப்படத் தேவையில்லை. இந்த ஒரு வரலாற்றை எடுத்துச் சொன்னாலே போதும்.

அடுத்த ஆண்டு, 1963 ஜூன் 11 அன்று ரஹீம் சாஹிப் காலமானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். அதன்பின் ஆசிய விளையாட்டுப் போட்டிகளின் கால்பந்தில் இந்தியா தங்கம் வென்றதே இல்லை. 1970-ல் பாங்காக்கில் வென்ற வெண்கலமே கடைசிப் பதக்கம். பயிற்சியாளர்களுக்கான துரோணாச்சாரியார் விருது தொடங்கப்பட்டதே 1985-ல்தான். அவரது பெயர் பரவலாகத் தெரிய 2024-ல் 'மைதான்' என்ற இந்தித் திரைப்படம் வர வேண்டியிருந்தது.

நமது ஊர்களில் அஸர் தொழுகைக்குப் பின் மைதானங்கள் நிறைகின்றன. பந்து இருக்கிறது, ஆர்வம் இருக்கிறது. போட்டி நடத்தவும் கோப்பை வழங்கவும் புரவலர்கள் முன்வருகிறார்கள். ஆண்டு முழுவதும் பிள்ளைகளின் கூடவே நின்று, யாருக்கு எந்த இடம் பொருந்தும் என்று பார்த்துப் பழக்கும் ஆசிரியர்தாம் அரிது. ஜமாஅத்துகளும் விளையாட்டுச் சங்கங்களும் கோப்பைக்குச் செலவிடுவதில் ஒரு பங்கையாவது நல்ல பயிற்சியாளருக்குச் செலவிட வேண்டும் என்பதே நமது வேண்டுகோள்.

தன்னிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகளை அமானிதமாகக் கருதி, நோயிலும் கடமையை நிறைவேற்றிய அந்த ஆசிரியரின் பிழைகளை அல்லாஹ் பொறுத்தருள்வானாக. ஆமீன்.