ஒரே சர்வரில் பல இயங்குதளங்கள்

பினாங்கின் சிம்பாங் அம்பாட்டில் தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகம் விற்கும் ஒரு சிறு நிறுவனம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணக்கு விண்டோஸில், சரக்கு இருப்பு லினக்ஸில், விளம்பர வடிவமைப்பு மேக்கில். விற்பனையாளர்களில் சிலர் 24 கிலோமீட்டர் நீள இரண்டாம் பினாங்குப் பாலத்துக்கு அப்பால், பினாங்குத் தீவில் இருக்கிறார்கள். எல்லாரும் இருந்த இடத்திலிருந்தே வேலை பார்க்க எந்த சர்வரை வாங்குவது?

தொலை இயக்கத்தில் மென்பொருள் சர்வரிலேயே ஓடும். பயனருக்குப் போவது திரைக்காட்சி மட்டுமே. அவரிடமிருந்து வருவது விசையழுத்தமும் மவுஸ் அசைவும். 1984-இல் எம்ஐடியில் உருவான எக்ஸ் விண்டோ இதை யூனிக்ஸுக்குத் தந்தது. மைக்ரோசாஃப்ட் 1998-இல் விண்டோஸ் டெர்மினல் சர்வரை வெளியிட்டது. ஆகவே பயனரின் மேசையில் பழைய மடிக்கணினி போதும். சுமை முழுவதும் சர்வருக்கு.

விண்டோஸுக்கும் லினக்ஸுக்கும் தனித்தனி இயந்திரம் வேண்டியதில்லை. ஓர் அடித்தள மென்பொருளைக் கொண்டு ஒரே சர்வரைப் பல மெய்நிகர் கணினிகளாகப் பிரிக்கலாம். இதற்கான வசதியை இன்டெல் 2005-இலும் ஏஎம்டி 2006-இலும் சில்லுக்குள்ளேயே வைத்தன. மேக் மட்டும் விதிவிலக்கு: ஆப்பிளின் உரிமம் அதை ஆப்பிள் கணினியில் மட்டுமே ஓட்ட அனுமதிக்கிறது. அதற்கு ஒரு மேக் மினி தனியே இருக்கட்டும்.

முதலில் கணக்கிட வேண்டியது நினைவகம். பத்துப் பேருக்குத் தலா 2 ஜிபி என்றால் 20, கணக்குத் தரவுத்தளத்துக்கு 16, லினக்ஸுக்கு 8, அடித்தள மென்பொருளுக்கு 4. கூட்டினால் 48. 64 ஜிபி வாங்கி, சில செருகிடங்களைக் காலியாக விடுவது நல்லது. பிழை திருத்தும் இசிசி வகையே சர்வருக்கு ஏற்றது.

அடுத்தது வட்டு. பலர் ஒரே நேரத்தில் சின்னச் சின்னதாக எழுதிப் படிக்கும்போது முதலில் திணறுவது அதுதான். அதனால் எஸ்எஸ்டி இரண்டை ஒன்றின் நகலாக மற்றொன்று இயங்கும்படி இணைக்கலாம். ஆனால் தவறி அழித்த கோப்பு இரண்டிலும் அழியும். காப்புப் பிரதி வேறிடத்தில் இருந்தாக வேண்டும்.

செயலிக்கு அள்ளிச் செலவிடத் தேவையில்லை. விண்டோஸ் சர்வர் உரிமம் செயலியிலுள்ள கோர்களின் கணக்கில் விற்கப்படுகிறது. குறைந்தது 16 கோருக்கு வாங்கியாக வேண்டும். அதற்கு மேல் ஒவ்வொரு கோரும் உரிமச் செலவைக் கூட்டும். தொலைவிலிருந்து நுழையும் பயனர்களுக்கும் தனி உரிமம் உண்டு. விலைப்பட்டியல் கேட்கும்போதே இரண்டையும் சேர்த்துக் கேட்பது நல்லது.