காலிப் பீப்பாய் காலியல்ல

பெருங்காயம் தீர்ந்துபோனாலும் டப்பாவை உடனே தூக்கிப் போட யாருக்கும் மனம் வராது. கொஞ்சம் வெந்நீர் ஊற்றி அலசி ரசத்தில் விட்டால் அன்றைய ரசமும் மணக்கும். அமெரிக்க பீர் தயாரிப்பாளர்கள் சிலர் செய்வதும் ஏறக்குறைய இதுதான். அவர்கள் அலசுவது, விஸ்கியை இறக்கிவிட்ட 200 லிட்டர் ஓக் பீப்பாயை, ஊற்றுவது பீரை.

இப்படி விஸ்கிப் பீப்பாயில் ஊறும் பீர் வகையைப் புகழ்பெறச் செய்தது சிகாகோவின் கூஸ் ஐலண்ட் நிறுவனம். 1990களில் அது தொடங்கிய 'போர்பன் கவுண்டி ஸ்டவுட்', கன்னங்கரேலென்று கெட்டியாக இருக்கும் பீர். அதன் 2014ஆம் ஆண்டு பாட்டிலில் ஆல்கஹால் 13.8 சதவீதம், 2017இல் 14.1, 2018இல் 15.2. பெயர் ஒன்றுதான், எண் மட்டும் ஏன் நிலைகொள்வதில்லை?

மரம் குடித்த விஸ்கி

அமெரிக்கச் சட்டப்படி, போர்பன் விஸ்கியை உட்புறம் தீயில் கருக்கிய புதிய ஓக் கலத்தில்தான் ஊறவைக்க வேண்டும். ஊற்றும்போது ஆல்கஹால் 62.5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. ஒருமுறை பயன்படுத்திய பீப்பாயில் மறுபடி போர்பன் ஊறவைக்க முடியாது என்பதால், அது பீர்க்காரர்கள் கைக்கு வருகிறது.

போர்பன் ஊறும் கென்டக்கி மாநிலக் கிடங்குகளில் கோடையில் விஸ்கி விரிந்து மரத்துக்குள் புகும். குளிரில் சுருங்கித் திரும்பும். இப்படி ஆண்டுக்கணக்கில் போய்வந்ததில், பீப்பாயைக் கவிழ்த்த பிறகும் பலகைகளுக்குள் சில லிட்டர் விஸ்கி தங்கிவிடும். ஆவியாகிப் போவதை 'தேவதைகளின் பங்கு' என்று சொல்லிவந்த தொழிலில், மரம் குடித்ததற்கு 'சாத்தானின் பங்கு' என்று பெயர்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 12 சதவீத பீர் 200 லிட்டர் ஊற்றினால் அதில் ஆல்கஹால் 24 லிட்டர். மரத்திலிருந்து 60 சதவீத விஸ்கி 2 லிட்டர் கலந்தால் பீர் 12.5 சதவீதமாகும். அதுவே 8 லிட்டர் கலந்தால் 13.8. பீரில் மாற்றமில்லை, வித்தியாசமெல்லாம் பலகையில்.

எவ்வளவு கலக்கும் என்பது பீப்பாயின் கதையைப் பொறுத்தது. நேற்று காலி செய்ததா, மாதக்கணக்கில் வெயிலில் காய்ந்ததா? வடிசாலைக்காரர்களே தண்ணீர் விட்டு அலசி மிச்சத்தை எடுத்துக்கொண்டார்களா? ஏற்கெனவே ஒருமுறை பீர் ஊறியதா? இரண்டாம் முறைக்கு வரும் பீப்பாய், இரண்டாம் முறை அலசிய பெருங்காய டப்பாதான்.

காற்றின் பங்கு

மரம் மூச்சுவிடும். ஊறும் மாதங்களில் தண்ணீரும் ஆல்கஹாலும் பலகை வழியே கசிந்து ஆவியாகின்றன. காற்று வறண்டிருந்தால் தண்ணீர் முந்திக்கொண்டு போகும். உள்ளே இருப்பது வீரியமாகும். ஈரக்காற்று என்றால் தண்ணீர் வெளியேறுவது மட்டுப்படும். ஆல்கஹால் அதிகம் போய் வீரியம் குறையும். கென்டக்கியில் ஊறும் விஸ்கிக்குப் பெரும்பாலும் வீரியம் ஏறுவதும், ஸ்காட்லாந்தில் இறங்குவதும் இதனால்தான்.

பீப்பாய்க்குப் போகும் முன்பே வித்தியாசம் தொடங்கிவிடுவதும் உண்டு. மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும்போது 63 டிகிரியில் வைத்தால் ஈஸ்ட் எளிதில் உண்ணும் சர்க்கரை மிகும். 70 டிகிரியை நெருங்கினால் ஈஸ்ட் தொடாத சர்க்கரை மிஞ்சும், ஆல்கஹால் குறையும். அந்த மிச்சத்துக்கும் ஒரு விருந்தாளி உண்டு. 1904இல் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தைச் சேர்ந்த கிளாசன் அடையாளம் காட்டிய 'பிரெட்டனோமைசிஸ்' ஈஸ்ட், மரத்துளைகளில் பதுங்கியிருந்து அந்தச் சர்க்கரையை மெல்லத் தின்று மேலும் ஆல்கஹாலாக்கும்.

அளப்பதிலும் சிக்கல்

சாதாரண பீரில் நொதிப்பதற்கு முன்னும் பின்னும் திரவமானியை மிதக்கவிட்டு, அடர்த்தி எவ்வளவு குறைந்தது என்பதை வைத்து ஆல்கஹாலைக் கணக்கிடுவார்கள். வெளியிலிருந்து விஸ்கி வந்து சேர்ந்த பீரில் இந்தக் கணக்குச் செல்லாது. ஆல்கஹாலைத் தனியே வாலைவடித்தோ, வாயு நிறப்பகுப்பியில் ஏற்றியோதான் அளக்க வேண்டும்.

பாட்டிலில் அச்சிட்ட எண்ணுக்கும் உள்ளே இருப்பதற்கும் 0.3 சதவீதப் புள்ளி வரை வித்தியாசம் இருக்கலாம் என்கிறது அமெரிக்க விதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 5.5 சதவீதத்துக்கு மேற்பட்ட பீருக்கு 1 புள்ளி வரை விட்டுக்கொடுக்கிறார்கள். தனித்தனிப் பீப்பாய்களுக்கு இடையே உள்ள வித்தியாசம் அமெரிக்க வரம்பை எளிதில் மீறிவிடும். எனவே பல பீப்பாய்களை ஒரே தொட்டியில் கலந்து சராசரிக்குக் கொண்டுவருகிறார்கள். லேபிளில் நாம் படிப்பது அந்தச் சராசரியைத்தான்.

கலிஃபோர்னியாவின் பாசோ ரோபிள்ஸ் ஊரிலுள்ள ஃபயர்ஸ்டோன் வாக்கர் நிறுவனம் இந்தக் கலவையையே ஒரு வழக்கமாக்கிவிட்டது. ஆண்டுவிழா பீருக்காக அக்கம்பக்கத்து ஒயின் தயாரிப்பாளர்களை அழைத்து, பீப்பாய்களில் ஊறிய பீர்களைச் சுவைத்துக் கலக்கச் சொல்கிறது. அந்த ஆண்டுக்கு எந்தக் கலவை தேறியதோ, அதன் ஆல்கஹால் அளவே லேபிளுக்குப் போகிறது. அடுத்த ஆண்டு வேறு பீப்பாய்கள், வேறு எண்.