பிட்யூட்டரி ஹார்மோன் மரபணு வெளிப்பாட்டில் பால் வேறுபாடு: பாலூட்டிகளின் வளர்ச்சிப் பருவங்களை முன்வைத்து

பாலூட்டிகளின் மூளையடியில் அமைந்துள்ள பிட்யூட்டரி சுரப்பியைத் தமிழில் கபச் சுரப்பி என வழங்குவதும் உண்டு. மூளையின் கபம் இதன் வழியாகவே மூக்கிற்கு வடிகிறது என்னும் பண்டைய கிரேக்க மருத்துவக் கருத்து இப்பெயரின் அடிப்படை. கருத்து வழக்கொழிந்தது, பெயர் நின்றுவிட்டது. அதனினும் இடர் தருவது ‘ஆண் ஹார்மோன்’, ‘பெண் ஹார்மோன்’ என்னும் வழக்கு. பால் வேறுபாட்டை ஹார்மோனின் நிலையான பண்பாக அது காட்டிவிடுகிறது.

மனிதரில் எஃப்.எஸ்.எச். ஹார்மோனுக்கே உரிய பீட்டா துணையலகின் மரபணு 11ஆம் குரோமோசோமில் உள்ளது. எல்.எச். ஹார்மோனுக்கு உரியது 19ஆவதிலும், வளர்ச்சி ஹார்மோனுக்கு உரியது 17ஆவதிலும், புரோலாக்டினுக்கு உரியது 6ஆவதிலும் அமைந்துள்ளன. இவற்றுள் எதுவும் பால் குரோமோசோம் அன்று. எனவே இம்மரபணுக்கள் இருபாலர்க்கும் பொது. வேறுபடுவது வெளிப்பாடு, அதாவது, எம்மரபணுவிலிருந்து எப்பருவத்தில் எவ்வளவு தூது ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது என்பது. தமிழ் வினைமுற்றில் பகுதி பொதுவாக நிற்க, விகுதி பால் உணர்த்துவதை இங்கு ஒப்புநோக்கலாம். ஆயினும் விகுதி அளவினை உணர்த்தாது, ஒப்புமை அவ்வளவே.

அளவும் பருவமும் எத்துணை இன்றியமையாதன என்பதற்கு எலியின் எஃப்.எஸ்.எச். தக்க சான்று. பெண்ணில் அண்டகத்தையும் ஆணில் விந்தகத்தையும் தூண்டும் இந்த ஹார்மோன், பிறந்த இரண்டாம் வாரத்தில் பெண் குட்டிகளின் குருதியில் ஆண் குட்டிகளினும் மிகுந்து காணப்படுகிறது. பீட்டா துணையலக மரபணுவின் வெளிப்பாடும் அவ்வாறே. முதிர்ந்த எலிகளிலோ ஆணிடத்தே இது மிகுதி. ஒரே மரபணு, ஒரே சுரப்பி. பருவம் மாற மிகுதியும் இடம் மாறுகிறது. ஆகவே வயதைச் சுட்டாமல் ‘பெண்ணில் மிகுதி’ என எழுதுவது பொருளற்ற கூற்றாகும்.

இவ்வேறுபாடு எங்கிருந்து தோன்றுகிறது? 1936இல் கரோல் ஃபைஃபர், பிறந்த பெண் எலிக்குட்டிகளுக்கு விந்தகத் திசுவைப் பொருத்தினார். அவை வளர்ந்தபின் அவற்றில் முட்டை வெளிப்படும் சுழற்சி நிகழவில்லை. பிறந்தவுடன் விந்தகம் நீக்கப்பட்ட ஆண் எலிகளோ, பின்னர்ப் பொருத்தப்பட்ட அண்டகத்தில் முட்டை வெளிப்படச் செய்தன. பிட்யூட்டரியே ஆண் வகை, பெண் வகை எனத் திரிகிறது என அவர் முடிவு கட்டினார். ஆய்வு செம்மையானது, முடிவு நிலைக்கவில்லை. 1952இல் ஜெஃப்ரி ஹாரிஸும் டோரா ஜேக்கப்சனும், பிட்யூட்டரி நீக்கப்பட்ட பெண் எலிகளின் ஹைப்போதலாமஸுக்குக் கீழே ஆண் எலியின் பிட்யூட்டரியைப் பொருத்தினர். பெண்ணுக்குரிய இனப்பெருக்கச் சுழற்சி மீண்டது. மூளையின் வேறொரு பகுதிக்குக் கீழே பொருத்திய சுரப்பி அவ்வாறு இயங்கவில்லை. பிறப்பையொட்டிய நாள்களில் டெஸ்டோஸ்டிரோன் மாற்றியமைப்பது முதன்மையாக மூளையையே. சுரப்பி அதன் ஆணையை ஏற்பது என்பது இதனால் தெளிவாயிற்று.

இதனைக் கொண்டு பிட்யூட்டரியைப் பாலற்ற வெறும் கருவி எனக் கொள்ளுதலும் மிகைக்கூற்றே. ஈஸ்ட்ரோஜன் பிட்யூட்டரி உயிரணுக்களின் மீது நேரடியாகச் செயற்பட்டுப் புரோலாக்டின் மரபணுவின் வெளிப்பாட்டைக் கூட்டுகிறது. மனிதக் கருவிலும் இத்தகைய இருவழித் தொடர்பு உண்டு. கருக்காலத்தின் நடுப்பகுதியில் பெண் கருவின் எஃப்.எஸ்.எச்., எல்.எச். அளவுகள் ஆண் கருவினும் உயர்ந்து நிற்கின்றன. ஆண் கருவின் விந்தகம் அப்போதே டெஸ்டோஸ்டிரோனைச் சுரந்து இவ்விரண்டையும் அடக்கிவைப்பதே அதற்குக் காரணம்.