கிரியேற்றினின் சரியாம், சிறுநீரகம் சரியா?

கிளினிக் கொப்பியோடு வரும் பெண்களில் அநேகர் இரத்தப் பரிசோதனைத் துண்டில் 'கிரியேற்றினின்' என்ற ஒரு வரியைத்தான் தேடுகிறார்கள். எண் வரம்புக்குள் இருந்தால் நிம்மதி; துண்டு அலுமாரிக்குள் போய்விடும். பெண்களைப் பொறுத்தவரை இந்த நிம்மதி சில வேளைகளில் ஏமாற்றிவிடுகிறது.

கிரியேற்றினின் என்பது தசைகளில் உண்டாகும் கழிவு. அதைச் சலத்தோடு வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. தசைப்பிடிப்புள்ள இளைஞனுக்கு அது இயல்பாகவே சற்றுக் கூடுதலாக இருக்கும். மெலிந்த, வயதான பெண்ணுக்குக் குறைவாகவே இருக்க வேண்டும். 1.2 மில்லிகிராம் என்ற அளவைப் பாருங்கள். (சில ஆய்வுகூடங்கள் இதையே 106 மைக்ரோமோல் என்று எழுதும். அலகுதான் வேறு, பதற வேண்டாம்.) 25 வயது ஆணுக்கு இந்த அளவில் சிறுநீரகம் வடிகட்டும் வீதம் ஏறக்குறைய 86. 60 வயதுப் பெண்ணுக்கோ 52 தான்.

வயதையும் ஆண், பெண் வேறுபாட்டையும் சேர்த்துக் கணக்கிடும் இந்த வீதத்தின் பெயர் ஈ.ஜீ.எப்.ஆர். நோயின் கட்டத்தை வைத்தியர் இதைக்கொண்டே கூறுகிறார். 60க்கு மேல் இருந்தால், சலத்தில் அல்புமின் போவது போன்ற வேறு பாதிப்பும் தென்பட்டால்தான் நோய். 30 முதல் 59 வரை மூன்றாம் கட்டம், 15 முதல் 29 வரை நான்காம் கட்டம், அதற்கும் கீழே ஐந்தாம் கட்டம். மூன்றாம் கட்டம் என்றதுமே "இனி டயலிசிஸ்தானா?" என்று அழுபவர்கள் உண்டு. அக்கட்டத்தில் உள்ளவர்களில் பெரும்பாலானோர் டயலிசிஸ் வரை போவதே இல்லை. தவிர, ஒருமுறை குறைந்ததை வைத்து முடிவு சொல்ல முடியாது; குறைவு மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்க வேண்டும். முதல்நாள் நிறைய இறைச்சி உண்டாலும், வயிற்றோட்டத்தில் உடல் நீர் வற்றினாலும் கிரியேற்றினின் ஏறும்.

நீரிழிவோ பிரஷரோ உள்ளவர்கள் சலத்தில் அல்புமினையும் பரிசோதிக்கும்படி கேளுங்கள். ஈ.ஜீ.எப்.ஆர். நன்றாக இருக்கும்போதே அது கசியத் தொடங்கிவிடும்.

அநுராதபுரம், பொலன்னறுவை, வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களில் நிலைமை வேறு. 1990களிலிருந்து அறியப்பட்ட அங்குள்ள சிறுநீரக நோய், நீரிழிவோ பிரஷரோ இல்லாத விவசாயிகளையும் பிடிக்கிறது. கிணற்று நீரின் கடினத்தன்மை, புளோரைட்டு, விவசாய இரசாயனங்கள், வெயில் எனப் பலவற்றிலும் சந்தேகம் உண்டு. காரணம் இன்னும் உறுதியாகவில்லை. அதில் ஆரம்பத்தில் சலத்தில் புரதம் அதிகம் போகாது. ஆகவே சலப் பரிசோதனை மட்டும் போதாது, இரத்தத்தையும் பார்க்க வேண்டும். வயலில் மலசலகூடம் இல்லையென்று பகல் முழுதும் தண்ணீர் குடிக்காமலே வேலை செய்யும் பெண்களையும் இங்கு நினைக்க வேண்டியுள்ளது.

அடுத்த கிளினிக்கிற்குப் பழைய துண்டுகளையும் கொண்டு போங்கள். இடுப்பு நோவுக்குக் கடையில் வாங்கி விழுங்கும் டைக்குளோபெனாக் போன்ற மாத்திரைகளைப் பற்றியும் வைத்தியரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.