கையிலுள்ள அமானிதம்

"கையை வெட்டினால் வுழூ எப்படிச் செய்வது? கழுத்துக் குழாயே போதும்!" டயலிசிஸ் நோயாளர் சிலர் நம் புத்தளம், கற்பிட்டிப் பகுதிகளில் இப்படித் தயங்குகின்றனர்.

சகோதரர்களே! கழுத்துக் குழாயில் கிருமித் தொற்று அபாயம் அதிகம். மணிக்கட்டில் நாடியை நாளத்துடன் இணைக்கும் 'பிஸ்டியுலா' சத்திரசிகிச்சையை 1966இல் நியூயோர்க் வைத்தியர்களான பிரெசியா, சிமினோ குழுவினர் வெளியிட்டனர். பெரும்பாலானோருக்கு இன்றும் அதுவே சிறந்தது. நாளம் தடிக்க வாரங்கள், சிலருக்கு மாதங்கள் ஆகும். எனவே முன்கூட்டியே செய்துகொள்ள வேண்டும். நாளம் மெலிந்தோருக்குச் செயற்கைக் குழாய் பொருத்துவர்.

அக்கையில் பிரஷர் பார்க்கவோ, வேறு ஊசி ஏற்றவோ விடாதீர்கள். தினமும் தொட்டு அதிர்வைக் கவனியுங்கள். நின்றால் உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

காயக்கட்டுக்கு மஸ்ஹு, தயம்மும் என்று மார்க்கம் சலுகை தந்துள்ளது. காயம் ஆறியபின் வழமைபோல் கழுவலாம். உடல் அல்லாஹ் தந்த அமானிதம், பேணுவோம்!